மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாய்க்குட்டி



எங்கள் வளவின் பின்பக்கம், கிணற்றடியைத் தாண்டி, ஒரு நாய்க்குட்டி இருப்பது இப்போது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். பள்ளிவாசல் முற்றத்தில், கடையில், ஆசிரியர் ஓய்வறையில் என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. பலர் அன்பாகக் கேட்கிறார்கள். சிலர் கவலையோடு கேட்கிறார்கள். "ரெண்டு பேரும் படிப்பிக்கிற ஆக்கள், மார்க்கம் தெரிஞ்ச ஆக்கள், இது என்ன வேலை?" என்று கோபித்தவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் பாதிப் பாதியாகச் சொல்வதைவிட, எப்படி இந்த முடிவுக்கு வந்தோம் என்பதை ஒரேயடியாக எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

பாடசாலை விட்ட நேரம். வீதிக்கு அந்தப் பக்கம் மதகுக்குக் கீழே ஒரு தாய்நாயும் நாலு குட்டிகளும் கிடந்தன. அதில் ஒன்று வீதிக்கு ஓடி வந்து ஒரு த்ரீவீலில் அடிபட்டது. ஓட்டி வந்தவர் ஆஸ்பத்திரிக்கு நோயாளி ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குட்டி சாகவில்லை. முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, பின்பகுதியை இழுத்துக்கொண்டு மதகுப் பக்கம் போகப் பார்த்தது.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். இரண்டு பேர் "எழும்புதா பாப்பம்" என்று சிறு கல்லால் எறிந்துகொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை தன் தண்ணீர்ப் போத்தலின் மூடியில் தண்ணீர் ஊற்றி அதன் முன்னால் வைத்துவிட்டு அழுதுகொண்டு நின்றது. தூக்கப் போன ஒரு பையனின் கையில் நகம் கீறியிருந்தது. தரம் 6 படிக்கும் ஒருவன் எங்களைப் பார்த்து, "நாய் நஜீஸ் எண்டா அதை அல்லாஹ் ஏன் படைச்சான்?" என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான். அந்த இடத்தில் அவனுக்குப் பதில் சொல்ல நேரமிருக்கவில்லை.

களஞ்சிய அறையில் கிடந்த பழைய அறிவித்தல் பலகை ஒன்றை எடுத்து, சாக்கு விரித்து, முதுகு வளையாமல் குட்டியை அதில் நகர்த்தி, அரச மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம்.

டொக்டர் முதலில் கேட்டது, "அடிபட்டதைக் கண்ணால் பார்த்தது யார்?" என்றுதான். காரணத்தை அவரே சொன்னார். விசர்நாய் என்றால் வாயில் நுரை தள்ளிக்கொண்டு ஓடித் திரியும் என்றுதான் நாம் நினைக்கிறோம். விசர்நோயில் உடம்பு வாதம் பிடித்ததுபோல விழுந்து, அமைதியாகக் கிடந்து சாகும் வகையும் இருக்கிறது. எங்கிருந்தோ வந்த ஒரு நாய் பின்னங்கால் இழுத்துக்கொண்டு கிடந்தால், அடிபட்டிருக்கும் என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. இந்தக் குட்டி அடிபட்டதை வாசலில் நின்ற பலர் பார்த்திருந்தார்கள். அப்படி இருந்தும், கீறுப்பட்ட பையனின் கையைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னார். பெற்றோரோடு பேசி அதைச் செய்தோம். இந்த நோய் வெளிக்காட்டிய பிறகு மருந்து இல்லை. அதற்கு முன் போடும் தடுப்பூசி எங்கள் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசம்.

பிறகு குட்டியின் பின்னங்கால் விரல்களை ஒரு கருவியால் அழுத்திப் பார்த்தார். இடது காலை அழுத்தியபோது குட்டி தலையைத் திருப்பி அனுங்கியது. வலது காலில் ஒன்றுமில்லை. கால் இழுபடுவதை வைத்துச் சந்தோஷப்படக் கூடாது, முள்ளந்தண்டுக்குள் போகும் நரம்பு முழுதாக அறுந்திருந்தாலும் கால் தானாக இழுபடும், தலையைத் திருப்பிப் பார்க்கிறதா, வலி மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்பதுதான் கேள்வி என்று விளக்கினார். ஒரு காலில் போய்ச் சேர்கிறது. அதனால் நம்பிக்கை இருக்கிறது. எவ்வளவு என்று இன்றைக்குச் சொல்ல முடியாது.

மூன்று வழி சொன்னார். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது முதலாவது. எங்கள் கரையோரத்திலிருந்து மஹியங்கனை போய், 18 வளைவு ஏறி, கண்டிக்குப் போக வேண்டும். முதுகு முறிந்த குட்டியோடு அந்தப் பயணமே அதற்குத் தண்டனை. இரண்டாவது, வீட்டில் வைத்து அசையாமல் ஆறு கிழமை பராமரிப்பது. மூன்றாவது, வலியில்லாமல் ஊசி போட்டு முடித்துவிடுவது. "யோசிச்சிட்டு வாங்க. ஆனா நாளைக்கே சொல்லுங்க" என்றார்.

அந்த இரவு எங்கள் வீட்டில் நடந்த பேச்சைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பராமரிப்பது என்றால் என்ன என்று டொக்டர் விபரமாகச் சொல்லியிருந்தார். பின்பக்கம் உணர்வு குறைந்த குட்டிக்குச் சிறுநீர் தானாகக் கழியாது. பை நிரம்பி நிரம்பி ஒழுகும், உள்ளே கிருமி பிடிக்கும், கடைசியில் சிறுநீரகம் போகும். அதனால் ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை வயிற்றின் இரு பக்கமும் விரல் வைத்து மெதுவாக அழுத்தி நாங்கள்தான் எடுக்க வேண்டும். ஒரே பக்கம் கிடந்தால் புண் வரும், அதனால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். விரிப்பு நனைந்தால் உடனே மாற்ற வேண்டும்.

இதைக் கேட்ட எங்கள் உம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பாவம் பாக்கிறது லேசி. சுபஹுக்கு முன்ன எழும்பி அதுட மூத்திரத்த ஆரு எடுக்கிற?"

அந்தக் கேள்விக்கு முன்னால் எங்கள் இரக்கம் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றது. சரியான கேள்வி அதுதான். மதகடியில் நின்ற எல்லோருக்கும் பாவமாக இருந்தது, கல்லெறிந்த பையன்களுக்கும் கொஞ்சம் இருந்திருக்கும். பாவம் பார்ப்பது ஒரு நிமிட வேலை. குட்டிக்குத் தேவைப்பட்டது ஆறு கிழமை, ஒரு நாளைக்கு நாலு தடவை, நாயின் சிறுநீரில் படும் இரண்டு கைகள். ஷாஃபிஈ மத்ஹபில் வளர்ந்த எங்களுக்கு அது எவ்வளவு கனமான விடயம் என்பதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இஷாவுக்குப் பிறகு மௌலவி ஒருவரிடம் போனோம். சாட்டுத் தேடிப் போகவில்லை. மாலிகி மத்ஹபில் உயிருள்ள நாய் சுத்தமானது என்று ஒரு கருத்து இருப்பது எங்களுக்கும் தெரியும். வசதிக்காக ஒரு நாள் மத்ஹப் மாற எங்களுக்கு விருப்பமில்லை. எங்கள் வழியிலேயே என்ன செய்யலாம் என்றுதான் கேட்டோம்.

அவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறோம். தேவையில்லாமல் வீட்டில் நாய் வளர்ப்பதைப் பற்றி எச்சரிக்கும் ஹதீஸ்களை எல்லோரும் அறிவோம். கால்நடைக்கும் வேட்டைக்கும் பயிருக்கும் விதிவிலக்கு இருப்பதையும் அறிவோம். காயம்பட்ட உயிரைக் குணமாகும் வரை வைத்துப் பார்ப்பது ஆசைக்கு வளர்ப்பதில் சேராது, அது ஒரு தேவை. தேவையை அதன் அளவோடு நிறுத்துங்கள். தொழும் இடத்துக்கும் வீட்டுக்குள்ளும் கொண்டுவராதீர்கள். காய்ந்த கை காய்ந்த உரோமத்தில் பட்டால் நஜீஸ் ஒட்டாது. ஈரத்தோடு பட்டால் ஏழு தரம், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீர். கையுறை போடுங்கள், அதற்கென்று ஒரு உடுப்பை ஒதுக்குங்கள். "கழுவுறதுக்கு வழி காட்டித்தான் சட்டம் வந்திருக்கு. கழுவ வழி இருக்கிற ஒன்றைத் தொடப் பயப்பட வேணாம்" என்றார்.

பிறகு அவர் வேறொரு ஹதீஸை நினைவுபடுத்தினார். தாகத்தில் ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் தண்ணீர் எடுத்துக் கொடுத்து மன்னிக்கப்பட்டவரைப் பற்றி நாங்கள் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்வோம். மௌலவி நினைவுபடுத்தியது பூனையைக் கட்டிப் போட்ட பெண்ணின் ஹதீஸ். அவளும் உணவு கொடுக்கவில்லை, அது தானாகத் தேடித் தின்னவும் விடவில்லை. அதற்காகத் தண்டிக்கப்பட்டாள்.

வீடு வரும் வழியெல்லாம் அதைப் பற்றித்தான் பேசினோம். நடக்க முடியாத ஒரு குட்டியை நாம் எடுத்த அடுத்த நிமிடமே அதைக் கட்டிப் போட்டது போலத்தான். கயிறு தேவையில்லை. அது எங்கேயும் போய்த் தேடித் தின்னாது. நாங்கள் மறந்தால் பட்டினி, நாங்கள் அலுத்தால் புண், நாங்கள் கல்யாண வீட்டுக்குப் போய் நேரம் தவறினால் சிறுநீர் அடைப்பு. எடுப்பது என்பது நன்மை கிடைக்கும் வேலை மட்டுமல்ல, கேள்வி கேட்கப்படும் வேலையும் கூட. அது ஒரு அமானிதம். அமானிதத்தை ஏற்க முன் ஏற்க முடியுமா என்று கணக்குப் பார்ப்பது இரக்கக் குறைவு ஆகாது.

அதனால் கணக்குப் பார்த்தோம். ஸுப்ஹுக்கு முன் ஒருவர். பாடசாலை விட்டு வந்ததும் மற்றவர். மஃரிபுக்கு முன் ஒரு தடவை, படுக்கப் போக முன் ஒரு தடவை. காலையில் போனால் பின்னேரம் வரை இடைவெளி நீளம்தான், டொக்டரிடம் கேட்டபோது சமாளிக்கலாம் என்றார். மாதச் செலவில் எதைக் குறைக்கலாம் என்று பார்த்தோம். எங்கள் பிள்ளைகள் இருவரிடமும் பேசினோம். பெரியவள் விரிப்பு மாற்றுவதாகச் சொன்னாள். சின்னவனுக்குச் சம்மதம்தான், ஆனால் ஏழு வயதுப் பிள்ளையின் வாக்கை நம்பிக் கணக்குப் போட முடியாது. அவன் பெயரில் ஒரு வேலையும் எழுதவில்லை.

உம்மாவின் சம்மதம் கடைசி வரை முழுதாகக் கிடைக்கவில்லை. இன்றைக்கும் இல்லை. "நான் தொழுற பக்கம் வரப்படாது. உடுப்புக் காயப்போடுற கயித்துக்குக் கிட்டயும் வரப்படாது" என்றார். இது அவருடைய வீடு. வயதான காலத்தில் மனநிம்மதியோடு வுழூ எடுத்துத் தொழ அவருக்கு உரிமை இருக்கிறது. குட்டிக்கு நன்மை செய்வதாகச் சொல்லி உம்மாவின் தொழுகையில் சந்தேகத்தை உண்டாக்கினால் அது என்ன நன்மை? ஆகவே கிணற்றடிக்கு அப்பால், பின்மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் வெறுங்காணியில், நாலு தகரமும் ஒரு மரப்பெட்டியும் வைத்து இடம் செய்தோம். தண்ணீருக்குத் தனி வாளி. பழைய பால்மா டின்னில் சலித்த மண்.

ஒரு நண்பர் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார். வட்டைக்குள் இருக்கும் மாட்டுக் காலைக்குக் கொண்டுபோய் விடுங்கள், கால்நடைக் காவல் என்று ஆகிவிடும், பேச்சும் அடங்கும் என்றார். பின்னங்கால் இல்லாத குட்டி எந்த மாட்டைக் காவல் காக்கும்? அங்கே யார் நாலு தடவை சிறுநீர் எடுப்பார்கள்? ஊர் வாயை அடைக்க ஒரு பெயர் தேடி, குட்டியைச் சாக விடுவதாகத்தான் அது முடிந்திருக்கும்.

கடைசியாக ஒன்றை முடிவு செய்தோம். எதுவரை என்பதை. மூன்றாம் கிழமையில் டொக்டர் மறுபடி பார்க்கும்போது அந்த ஒரு காலின் உணர்வும் போயிருந்தால், புண் ஆழமாகிப் போனால், சாப்பாட்டை விட்டுவிட்டால், நாங்கள் எங்கள் மனதுக்காக அதை வதைக்கக் கூடாது. உயிரை வலியில்லாமல் முடிப்பது பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அந்த நிலை வந்தால் மௌலவியிடமும் டொக்டரிடமும் சேர்த்துக் கேட்டு நடப்போம் என்று வைத்துக்கொண்டோம். முடிவின் எல்லையை ஆரம்பத்திலேயே பேசிவிட்டதால் பிறகு மனம் தடுமாறாமல் இருந்தது. காலையில் டொக்டருக்குப் போன் எடுத்து, "நாங்க பாக்கிறம்" என்றோம்.

ஆறு கிழமையும் எப்படிப் போனது என்று பெரிதாக எழுத ஒன்றுமில்லை. அலுப்பான வேலை. மழை பெய்த இரவுகளில் குடையும் டோர்ச்சுமாக மதிலுக்கு அந்தப் பக்கம் போய் வந்தோம். ஒரு நாள் வயிறு கல்லுப் போல இறுகி, அழுத்தப் பயந்து, விடியும் வரை காத்திருந்து டொக்டரிடம் ஓடினோம். அவர் குழாய் விட்டு எடுத்தார். மூன்றாம் கிழமை அழுத்திப் பார்த்தபோது இடது காலுக்குக் குட்டி திரும்பி அவர் கையைக் கவ்வப் பார்த்தது. டொக்டர் சிரித்தார். வலது காலிலும் லேசாகத் திரும்பிப் பார்த்தது. ஐந்தாம் கிழமை ஒரு காலையில் போனால் பெட்டியின் ஒரு மூலை மட்டும் நனைந்திருந்தது, வயிறு மெதுவாக இருந்தது. தானாகவே கழித்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு, அந்த ஈர விரிப்பைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்பட்டதை நினைத்தால் எங்களுக்கே சிரிப்பு வருகிறது.

இப்போது மூன்று மாதம். அது நேராக நடக்காது. உழுத வயலில் சேற்றுக்குள் கால் வைத்து நடப்பவர் போல ஆடி ஆடி நடக்கும், வலது பாதம் சில நேரம் மடங்கும். விசர்நோய்த் தடுப்பூசி போட்டாகிவிட்டது. வயது வந்ததும் குட்டி போடாமல் இருக்கச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும்.

சிகிச்சை என்ற தேவை முடிகிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். மௌலவி சொன்ன எல்லை எங்கள் நினைவில் இருக்கிறது. எங்களோடு படிப்பிக்கும், பக்கத்துத் தமிழ்க் கிராமத்தைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் அதை எடுத்துக்கொள்ள முன்வந்திருக்கிறார். அவர் வீட்டில் ஏற்கனவே நாய் வளர்த்த பழக்கம் உண்டு. இரண்டு தடவை வந்து பார்த்து, பாதம் மடங்கினால் என்ன செய்வது, அடைப்பு வந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டுப் பழகிப் போனார். சத்திரசிகிச்சை முடிந்ததும் கொடுப்போம். அதுவரை பொறுப்பு எங்களுடையது, செலவும் எங்களுடையது. ஒரு உயிரை எடுப்பது என்றால் சாகும் வரை நம்மிடமே வைத்திருப்பது மட்டும்தான் என்றில்லை. நம்மைவிட நன்றாகப் பார்க்கக் கூடிய கையில் சேர்க்கும் வரை பார்ப்பதும் எடுப்பதுதான்.

அந்தத் தரம் 6 பையனுக்கு அடுத்த நாள் வகுப்பில் பதில் சொன்னோம். "உன்ட உடம்புக்குள்ளயும் நஜீஸ் இருக்குத்தானே மகன்? இரத்தம் இருக்கு, மூத்திரம் இருக்கு. உடுப்பில பட்டாக் கழுவிட்டுத் தொழுறாய். அதுக்காக உன்னை ஆராச்சும் கல்லால எறியிறதா?" வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை, யோசித்தான். வெள்ளிக்கிழமை ஓதும் கஹ்ஃப் சூராவில் குகை வாசலில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்த நாயைப் பற்றியும் சொன்னோம். அவர்கள் எத்தனை பேர் என்று மக்கள் சொன்ன ஒவ்வொரு கணக்கிலும் அந்த நாயும் சேர்ந்தே வருகிறது. குகைக்குள்ளே போகவில்லை, வாசலில்தான் கிடந்தது. அதற்கென்று ஒரு இடம் இருந்தது, அதற்கென்று ஒரு மரியாதையும் இருந்தது.

ஊரவர்களிடம் எங்களுக்குச் சில வேண்டுகோள்கள் இருக்கின்றன.

எல்லோரும் நாய்க்குட்டி எடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. உம்மா கேட்ட கேள்விக்கு உங்கள் வீட்டில் ஒரு பெயர் பதிலாக வராவிட்டால் எடுக்காதீர்கள். எடுத்துவிட்டு ஒரு கிழமையில் மீன் சந்தைக்குப் பின்னால் விடுவதைவிட அது நல்லது.

எடுக்க முடியாது என்பதால் கைவிட வேண்டும் என்றும் இல்லை. அடிபட்டுக் கிடந்தால் வெறுங்கையால் தூக்காமல், பலகையிலோ தடித்த சாக்கிலோ நகர்த்தி நிழலில் வையுங்கள். மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். அடிபட்டதை யாரும் பார்க்காத நாயைத் தொடவே வேண்டாம், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள்.

கடித்தாலோ கீறினாலோ மஞ்சள் பூசி, ஓதிப் பார்த்து நேரம் போக்காமல், சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடிப்பார்கள் என்று பயந்து பிள்ளைகள் கீறலை மறைப்பார்கள். மறைக்காத அளவுக்கு அவர்களோடு பேசி வையுங்கள்.

நாய்களுக்கு விசர்நோய்த் தடுப்பூசி அரசாங்கத்தால் இலவசமாகப் போடப்படுகிறது. 2006 முதல் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வது நிறுத்தப்பட்ட நாட்டில், தடுப்பூசியும் கருத்தடையும்தான் நம் பிள்ளைகளுக்கான காவல். போட வருபவர்களுக்கு நம் தெருவில் நாய்கள் எங்கே கிடக்கின்றன என்று காட்டிக் கொடுப்பதற்கு யாருக்கும் ஏழு தரம் கழுவ வேண்டி வராது.

பிள்ளைகளுக்கு நஜீஸ் சட்டத்தைச் சொல்லிக் கொடுக்கும்போது, எப்படிக் கழுவுவது என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். பாதிச் சட்டம் தெரிந்த பிள்ளைதான் கல்லை எடுக்கிறது.

பராமரிப்பில் ஏதாவது தெரிய வேண்டுமென்றால் தயங்காமல் கேளுங்கள். எங்கள் செயலில் மார்க்க ரீதியாகத் திருத்த ஏதும் இருப்பதாக ஆலிம்கள் கண்டால் அதையும் சொல்லுங்கள், கேட்டு நடக்கத் தயாராக இருக்கிறோம்.

நாம் ஏற்ற அமானிதங்களை நிறைவேற்ற அல்லாஹ் நம் எல்லோருக்கும் தைரியம் தருவானாக. ஆமீன்.